எடுக்காமல் வரும் உரிமை

சங்கரன்கோவிலில் மால் கிடையாது. அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் நச்சரிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பஸ் ஏறி, விஷால் டி மாலின் நகரும் படியில் நாலு தடவை ஏறி இறங்கி, மேல்மாடியில் ஆளுக்கொரு தட்டு வாங்கித் தின்றுவிட்டு, ராத்திரி பஸ்ஸுக்கு ஓடி வந்து சேர்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா விசாரிப்பாள்: “என்னத்த எடுத்தீங்க?” பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “ஒன்னும் எடுக்கல. சும்மா பாத்துட்டு வந்தோம்.”

இந்தச் சும்மாதான் மால் தொழிலின் தீராத தலைவலி. வாசலில் நுழையும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். தலை ஏறியும் கல்லா ஏறவில்லை என்றால் தொழில் படுத்துவிடும். பெரிய மால்களில் கடைவாடகை பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசப்படுகிறது: குறைந்தபட்சம் இவ்வளவு, அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அது. கடைக்காரருக்கு வியாபாரம் இல்லையென்றால் மால்காரருக்கும் இல்லை. அதனால் சும்மா வருகிறவரை எதையாவது வாங்க வைக்கும் உபாயங்கள் கட்டடத்திலேயே பதிந்திருக்கும். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடையை ஒரு கோடியிலும் இன்னொன்றை மறுகோடியிலும் வைத்து, நடுவில் சின்னக் கடைகளை நிரப்புவார்கள். சினிமாவும் சாப்பாடும் உச்சியில் இருக்கும். ஒரு மாடி ஏறி இறங்கினால் அடுத்த மாடிக்கான படி எதிர்ப்பக்கம் இருக்கும். பாதி மாடியைச் சுற்றாமல் மேலே போக முடியாது.

துணியும் செருப்பும் செல்போனில் விலை குறைவாகக் கிடைக்கத் தொடங்கியபின் இந்தச் சுற்றல் பலிக்கவில்லை. ஆகவே ஜவுளிக்கு ஒதுக்கிய இடம் சுருங்குகிறது. சாப்பாடு, சினிமா, பிள்ளைகள் குதித்து விளையாடும் கூடம் ஆகியவை பெருகுகின்றன. வாசலில் கச்சேரி வைக்கிறார்கள், பொங்கலுக்கு மாட்டுவண்டி கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வண்டியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. எங்கள் ஊர்க்காரர் அதைப் பார்த்தால் சிரிப்பார்.

மாலுக்கு மூலவர் என்று சொல்லத்தக்க விக்டர் க்ரூயென் வியன்னாவில் பிறந்தவர். 1956இல் அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் பக்கம் சவுத்டேல் என்ற கூரையிட்ட அங்காடியைக் கட்டினார். தன் ஊர்ச் சதுக்கங்களைப் போல ஜனங்கள் கூடிப் பேசி நடந்து திரியும் ஓர் இடம் அமையும் என்பது அவர் கனவு. வந்து சேர்ந்தது கார் நிறுத்தும் பொட்டலுக்கு நடுவே ஒரு பெட்டி. பிற்காலத்தில், அந்தப் பிள்ளை தன்னுடையதே இல்லை என்று அவரே கைகழுவினார். பெட்டி மட்டும் உலகம் பூராவும் பரவியது. இந்தியாவுக்கு அது 1990களில் வந்தது. கால் நூற்றாண்டுக்குள் பேய்வீடுகளும் வந்துவிட்டன. நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்கு நாட்டின் பெருநகரங்களில் 64 மால்களை ஆவி மால் என்று கணக்கிட்டது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தால் அதற்கு அந்தப் பெயர்.

சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காலியிடத்தின் முகம் தெரியும். 1860களில் தொடங்கிய ஸ்பென்சர் கடைக்கு 1895இல் எழும்பிய அழகான கட்டடம் 1980களில் தீயில் போயிற்று. அந்த இடத்தில் எழுந்த பிளாசாவைத் தொண்ணூறுகளில் சென்னைக்குப் போன தெற்கத்திக்காரர்கள் எல்லாரும், மெரினாவைப் பார்ப்பதுபோல, ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள். பிறகு 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று வந்தன. கூட்டம் அங்கே போய்விட்டது. புதியது வந்தால் பழையது சாகும் என்பது மட்டும் இதற்குக் காரணமாக எனக்குப் படவில்லை. ஸ்பென்சரில் பல கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. ஒரு மாடியைக் கலைத்துச் சாப்பாட்டுக் கூடமாக்க வேண்டும் என்றால் எத்தனை பேரைச் சம்மதிக்க வைப்பது? வாடகைக்கு விட்ட மாலில் ஒருவர் முடிவெடுத்தால் போதும். ஜனங்களின் எதிர்பார்ப்பு மாறும்போது கூடவே மாறும் சக்தி, யார் பெயரில் பத்திரம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

இதெல்லாம் மாநகரத்துக் கதை. இங்கே உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளர் எதிர்பார்ப்பு என்பதை யோசித்தால் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது. மாலுக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வந்தோம் என்று ஒரு குடும்பம் கூச்சமில்லாமல் சொல்கிறதே, அது இந்த மண்ணில் எத்தனை வயதான வாக்கியம்? என் கணக்குப்படி அதற்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

பழைய ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏற வேண்டும். தரையில் மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. ஓரமாகக் கல்லாப்பெட்டியோடு முதலாளி. சம்மணமிட்டு உட்கார்ந்ததும் எதிரே இருக்கிற விற்பனையாளர், சேலையைக் காட்டுவதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். “வாங்க, எந்தூரு?” ஊரைச் சொன்னால் போதாது. “அங்க யாரு வீடு?” அதற்கு ஒரு பெயர் சொன்னால், “பெருமாள் கோயில் பக்கமா, கீழத்தெருவா?” இதற்குள் அவருக்கு வேண்டியது தெரிந்துவிடும். எந்த அடுக்கிலிருந்து எடுத்துக் காட்டுவது, கலர் வாங்கிக் கொடுப்பதா தண்ணீர்ச் செம்போடு நிறுத்திக்கொள்வதா, நீங்க என்பதா நீ என்பதா, எல்லாம் அந்த மூன்று கேள்வியில் முடிவாகிவிடும். கலர் என்றால் எங்கள் பக்கம் போவண்டோ மாதிரியான குளிர்பானம். கல்யாண ஜவுளிக்கு வந்த கூட்டத்துக்குக் கலர் உடைத்துக் கொடுப்பது கடையின் கௌரவம். யாருக்கு உடைப்பது என்பதில்தான் ஊரின் வரைபடம் இருந்தது.

விசாரணை முடிந்ததும் சேலைகள் விழும். ஒன்றன்மேல் ஒன்றாக உதறி விரித்துப் போடுவதில் அவர்கள் கைவேகம் ரசிக்கத் தக்கது. பத்து, இருபது, முப்பது. விரிக்க விரிக்க எதிரே இருக்கிற பெண்ணின் மனதில் பாரம் ஏறும். இத்தனையும் மடித்து வைக்க வேண்டுமே, இத்தனைக்குப் பிறகு வேண்டாம் என்று எப்படி எழுந்திருப்பது? வசதியான வீட்டுக்காரி எழுந்துவிடுவாள். “மனசுக்குப் பிடிச்சா மாதிரி இல்லண்ணாச்சி, அடுத்த சரக்கு வந்ததும் சொல்லிவிடுங்க” என்பாள். முதலாளியே வாசல்வரை வந்து வழியனுப்புவார். பருத்திக் காட்டில் களை எடுத்துச் சேர்த்த காசை முந்தியில் முடிந்துகொண்டு வந்தவளுக்கு அந்த வாக்கியம் வராது. எடுக்காமல் எழுந்தால் முதுகுக்குப் பின்னால் விழும் சொல் அவளுக்குத் தெரியும். அதனால் மூன்றாவது சேலையிலேயே, பிடித்ததோ பிடிக்கவில்லையோ, இது போதும் என்று சொல்லிவிடுவாள். என் பாட்டி தலைமுறைப் பெண்கள் பலர் தமக்குப் பிடிக்காத நிறத்திலேயே வாழ்நாள் முழுக்கச் சேலை கட்டினார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்போது சங்கரன்கோவிலிலும், சுற்று வட்டாரத்தில் ராஜபாளையம், தென்காசி, கோவில்பட்டியிலும் ஏசிக் கடைகள் வந்துவிட்டன. கண்ணாடிக் கதவு, மேலே எரியும் வெள்ளை விளக்கு, மாடிக்கு மாடி லிஃப்ட். மெத்தை போய் ஹேங்கர் கம்பிகள் வந்துவிட்டன. செருப்போடு உள்ளே போகலாம். ஒவ்வொரு துணியிலும் விலைச்சீட்டு தொங்குகிறது. பேரம் கிடையாது. மாலில் இருந்து இந்தக் கடைகள் எடுத்துக்கொண்டவற்றில் குளிர்சாதனத்தைவிட இந்த விலைச்சீட்டும் ஹேங்கர் கம்பியும்தான் பெரிய விஷயங்கள் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு கடையில் ஒரு தாயையும் மகளையும் பார்த்தேன். தாய்க்கு வெயிலில் காய்ந்த கை. மகள் கல்லூரிக்குப் போகிறவளாக இருக்க வேண்டும். அவள் கம்பியில் இருந்து ஒரு சுடிதார் டாப்ஸை எடுத்தாள், சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், மாட்டிவிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். நான்கை அள்ளிக்கொண்டு ட்ரயல் ரூமுக்குப் போனாள். தாய் அந்தக் கதவுக்கு வெளியே, ஏதோ களவுக்குத் துணை வந்தவள்போல, சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றாள். மகள் வெளியே வந்து நான்கையும் திருப்பிக் கொடுத்தாள். “ஒன்னும் செட்டாகல.” தாய் பதறிப்போய் அங்கே நின்ற விற்பனைப் பெண்ணிடம், “போட்டுப் பாத்துட்டு எடுக்காம போனா ஒன்னும் சொல்ல மாட்டாகளா தாயி?” என்று கேட்டாள். “ஒன்னும் சொல்ல மாட்டாங்கம்மா, நீங்க பாருங்க” என்று அவள் நான்கையும் கையில் வாங்கிக்கொண்டாள். மகளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவள் அடுத்த கம்பிக்குப் போய்விட்டிருந்தாள்.

தாயின் பயம் பழங்காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில் நடந்ததை நாடே ஒரு வீடியோவில் பார்த்தது. பெட்டிக்கடைக்கு மிட்டாய் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்குத் தரக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். பிள்ளைகள் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அதிகம் எடுத்தாளப்படாத ஒரு பிரிவில் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வீடியோவில் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அதில் கோபக் குரல் இல்லை என்பது. கடைக்காரர் சாந்தமாகத்தான் சொல்கிறார். சரக்கு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்வதற்கு வேறு குரல் தேவைப்படாது.

இதை வைத்துக்கொண்டு, எதிர்பார்ப்பு மாறிவிட்டது, அனுபவம் தேடுகிறார்கள் என்று சந்தை ஆலோசகர்கள் எழுதுவதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு வாடிக்கையாளரின் மிகப் பழைய எதிர்பார்ப்பு, உள்ளே போக வேண்டும், விலை கேட்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் கௌரவமாக வெளியே வர வேண்டும் என்பதுதான். அது இன்னும் பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

விற்கிற பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்செந்தூர்த் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வடக்கே கரிசல் பூமிக்குச் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள், வழியில் கொள்ளைக்குப் பயந்தும், ஊர்களில் தங்க இடம் கிடைக்காமலும், தங்களுக்கென்று பேட்டைகள் கட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, வண்டி மாடு கட்ட இடம், சரக்கு வைக்க அறை, விற்க முற்றம். செலவுக்கு மகமை: ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று தாங்களே தங்கள்மேல் போட்டுக்கொண்ட வரி. அந்தப் பேட்டைகளைச் சுற்றி வளர்ந்தவைதான் சிவகாசி, விருதுநகர் கடைவீதிகள். கையில் காசு வந்தபிறகும் கோயில் வாசல் திறக்கவில்லை. 1899இல் சிவகாசி எரிந்தது அந்த வாசலுக்காக. மதில் சுவருக்குள் பாதுகாப்பாக வியாபாரம் செய்யும் வளாகம் என்ற எண்ணத்துக்கு நாம் க்ரூயெனை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் இது கனவு கண்டு கட்டியதல்ல, கதவடைக்கப்பட்டதால் கட்டியது.

அந்த வணிக மரபின் பேரன்மார்தான் பின்னால் சென்னைக்குப் போய் மாலுக்குப் போட்டியாக நின்றவர்களில் முக்கியமானவர்கள். தேரிக்காட்டுப் பணிக்கநாடார் குடியிருப்பிலிருந்து போனவர்கள் ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடையாக ஆரம்பித்த சரவணா ஸ்டோர்ஸ், அகலத்துக்கு இடமில்லாத தெருவில் உயரத்துக்கு வளர்ந்தது; ஊசியிலிருந்து நகைவரை ஒரே கூரையின்கீழ் என்ற மாலின் வாக்குறுதியை மாலின் விலையில்லாமல் நிறைவேற்றியது. வேறு மரபுகளில் இருந்து வந்தவை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் போத்தீஸ், திருநெல்வேலி ஆர்எம்கேவி. தெற்கத்தி ஜவுளிக்கடைகள் பரவிய அளவுக்குத் தமிழ்நாட்டில் மால் பரவவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம், அந்தக் கடைகளின் வாசலில் கூச்சம் குறைவு. கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வருகிறவர்தான் அங்கே எதிர்பார்க்கப்பட்ட ஆள்.

மாலின் வாசல் அப்படி அல்ல. 1999இல் மும்பை ஹாஜி அலியில் கிராஸ்ரோட்ஸ் திறந்தபோது, கையில் செல்போனோ கிரெடிட் கார்டோ இல்லாதவர் 60 ரூபாய் கொடுத்தால்தான் உள்ளே போகலாம் என்று வைத்தார்கள். கூட்டத்தை வடிகட்டுகிறார்களாம். ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 25 வருஷம் கழித்து, 2024 ஜூலையில், பெங்களூரு ஜிடி மாலில் மகனோடு படம் பார்க்க டிக்கெட்டோடு வந்த விவசாயி ஒருவரை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று காவலாளி நிறுத்தினார். அந்த மாலை ஏழு நாள் மூட கர்நாடக அரசு உத்தரவிட்டது. அண்டை மாநிலம் என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. 2023 மார்ச்சில் சென்னை ரோகிணி தியேட்டரில் பத்து தல படத்துக்கு டிக்கெட் வாங்கி வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே மறித்தார்கள். வீடியோ பரவியபிறகு உள்ளே விட்டார்கள். வேட்டியோடு வந்தவரைத் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு 2014இல் சட்டமே போட்டது. அதற்குக் காரணம் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாதது. நீதிபதியைத் தடுத்ததால் சட்டம் வந்தது. மற்றவர்கள் வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மால் வாசலில் நிற்கும் காவலாளி யார் என்பதையும் நினைக்க வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளி. அவர் அப்பாவும் ஊரில் வேட்டிதான் கட்டியிருப்பார்.

சரி, எங்கள் ஊர்க் கடைவீதிக்கு வருவோம். ஸ்பென்சரைப் போலவே இதுவும் ஆளுக்கொரு கடையாகச் சிதறிக் கிடப்பதுதான். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. ஆனாலும் சாகவில்லை. காரணம், கூட்டத்தை இழுக்கும் கடையாக ஊர் நடுவே கோயில் நிற்கிறது. ஒரு பாதி சிவனும் மறுபாதி திருமாலுமாக நிற்கிற சங்கரநாராயணரைப் பார்க்க, அவரை அப்படிக் காண ஒற்றைக் காலில் தவம் இருந்த கோமதி அம்மனைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. சம்சாரிகள் பருத்தியையும் வத்தலையும் அம்மன்மேல் சூறை விடுவார்கள். வயலில் விளைந்தது கமிஷன் மண்டியைத் தொடாமல் போகிற இடம் அது ஒன்றுதான்.

கோயிலைச் சுற்றிய வியாபாரத்தில் வேறு எங்கும் இந்த அளவுக்குப் பார்க்க முடியாத ஒரு சரக்கு உண்டு: தகட்டில் அடித்த பாம்பு, தேள் உருவங்கள். வீட்டில் பூச்சி பொட்டு நடமாட்டம் இருந்தால் நேர்ந்துகொண்டு, ஓர் உருவம் வாங்கி உண்டியலில் போட வேண்டும். அந்த வியாபாரத்தை நின்று கவனித்திருக்கிறேன். வாங்குகிறவர் பேரம் பேசுவதில்லை, தரம் பார்ப்பதில்லை, யாருக்கு என்று சொல்வதுமில்லை. விற்கிறவரும் எந்தூரு என்று கேட்பதில்லை. “பாம்பு ஒன்னு, தேளு ரெண்டு.” காசு, தகடு, முடிந்தது. விஷத்துக்கு முன்னால் தெரு விசாரணை எதற்கு! கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணும் அப்படித்தான், யார் நெற்றியில் பூசினாலும் ஒரே மண்.

ஏசிக் கடைக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. எந்தூரு என்று கேட்ட அதே வாய்தான், “இப்ப எடுத்துக்கிட்டுப் போங்க, பருத்தி போட்டதும் குடுங்க” என்றும் சொன்னது. ஆளைத் தெரிந்ததால்தான் கடன் கிடைத்தது. பொண்ணு வயசுக்கு வந்துவிட்டாள், கையில் காசில்லை என்று ஓடி வந்தவருக்குச் சீரைச் சேலையோடு கட்டிக் கொடுத்த முதலாளிகள் இருந்தார்கள். கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வட்டி சேலை விலையிலேயே ஒளிந்திருக்கும். விலைச்சீட்டு தொங்கும் கடையில் ஒளிவு இல்லை, கடனும் இல்லை. மகள் நான்கு டாப்ஸையும் எடுக்காமல் வரும் சுதந்திரத்தோடு வாழ்கிறாள். தாய்க்கு அவசரம் வந்தால் வாரத் தவணை வசூலிக்கும் குழுவிடம் போகிறாள். இதில் எது மேல் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சுதந்திரம் என்பேன். கடன் கொடுத்த கை யாரை எங்கே உட்கார வைத்தது என்பது எனக்கு மறக்கவில்லை.

சிறிய கடைக்காரர்கள் பலர் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பிறகு பாதிக் கடைக்குக் கம்பி அடித்து ஹேங்கர் மாட்டினார்கள். கல்யாணப் பட்டுக்கு மட்டும் இன்னும் ஒரு மூலையில் விரிப்பு இருக்கிறது, ஏனென்றால் முகூர்த்தச் சேலையை நின்றுகொண்டு எடுக்க எந்த மாமியாரும் சம்மதிப்பதில்லை. கல்லாவில் ஒட்டிய கியூஆர் அட்டையும் ஒரு காரியம் செய்கிறது: சில்லறையைக் கையில் படாமல் போட்டுக் கொடுக்கும் பழைய சாகசத்துக்கு அங்கே வேலை இல்லை.

போன் வழியே வாங்குவது இன்னும் ஒரு படி மேலே போகும் என்று நினைத்திருந்தோம். அந்தத் திரை யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போக ஆளே வருகிறார். ஆனால் 627756 என்று பின்கோடு போட்டபிறகு தெருப் பெயர் கேட்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருப் பெயரைச் சொல்வதும் சாதியைச் சொல்வதும் ஒன்றே. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பஸ் ஸ்டாப், மெயின் ரோடு என்று முகவரி போட்டுவிட்டு, பார்சல்காரர் கூப்பிட்டதும் அங்கே போய் வாங்கிக்கொள்கிறார்கள். வீடு தேடி வர வேண்டிய பொருளை வீட்டுக்கு வரவிடாமல் செய்வது வாடிக்கையாளர் பழக்கம் பற்றிய எந்த அறிக்கையிலும் வராது.

ஏசிக் கடையின் கல்லாவிலும் விசாரணை வேறு வேஷத்தில் திரும்பியிருக்கிறது. பில் போடுவதற்கு முன்னால் “போன் நம்பர் சொல்லுங்க.” சொன்னால் நம் பெயர், போன தீபாவளிக்கு என்ன எடுத்தோம், எவ்வளவுக்கு எடுத்தோம் எல்லாம் திரையில் வரும். வாடிக்கையாளர் நம்பரைத் தரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. எங்கள் ஊரில் வேண்டாம் என்று சொல்கிறவரை நான் அதிகம் பார்க்கவில்லை. பெரும்பாலும் ஆசையோடுதான் சொல்கிறார்கள். எதிரே இருப்பவர் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது ஒரு மரியாதைதானே. பழைய முதலாளியின் ஞாபகசக்தியைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. அது கலர் உடைத்துக் கொடுப்பதில்லை, பிறந்தநாளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது.

எந்தூரு என்று கேட்காத இந்தக் கடைகளில் நிற்கிற பெண்கள் எந்தூர்க்காரர்கள்? குருவிகுளம், திருவேங்கடம், கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துப் பிள்ளைகள். இவர்களுடைய அக்காமார் பொதிகை ரயிலேறிச் சென்னைக்குப் போய் தி. நகரில் நின்றார்கள். 2010இல் வசந்தபாலனின் அங்காடித் தெரு படம் வந்தபோது எங்கள் பக்கத்துத் தாய்மார் அதை வேடிக்கை பார்க்கவில்லை, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். கேரளம் 2018இல் செய்ததை ஒட்டி, தமிழ்நாடு 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்றது. இருக்கை பல இடங்களில் வந்துவிட்டது. ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் மடிக்க வேண்டிய துணி இருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்று மேற்பார்வையாளர்கள் நம்புகிறார்கள். அவர்கள் நம்புவதில் தப்பில்லை என்பதுதான் சங்கடம். உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் தம் வாழ்நாளில் எந்தக் கடையிலும் மெத்தைக்கு அழைக்கப்படாதவர்களும் உண்டு.

சமீபத்தில் ஒரு கடையின் இரண்டாம் மாடியில், பேத்திக்குப் பாவாடை எடுக்க வந்த ஒரு பாட்டி, துணிகளைப் புரட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்து, காது, கை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “எந்தூரு தாயி நீ?” என்றாள்.

“சங்கரன்கோயில்தான் பாட்டி.”

காலையில் திருவேங்கடம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து வந்த பெண் அவள்.

“சங்கரன்கோயில்ல எங்க?”

“பாவாடை இன்னும் பெரிய சைஸ் வேணுமா பாட்டி? மேல் மாடியில இருக்கு, லிஃப்ட் அந்தப் பக்கம்.”